சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்காமலிருக்க…

கேள்வி: ஒட்டுத்துணிப் போர்வையின் மேல்துணிக்காக, பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) போட்டேன். சிவப்பு, வெள்ளையில் இறங்காமலிருக்க வினிகரில் ஊறவைக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. வினிகர் பட்டு, கம்பளிக்கான அமிலச் சாயத்துக்குத்தான் உதவும். உங்கள் சாயத்தைப் பருத்தியில் பிடிக்கவைப்பது சலவை சோடா. அப்படியும் பிடிக்காமல் மிஞ்சும் சாயம்தான் பிறகு இறங்குகிறது. முதலில் குளிர்ந்த நீரில் சோடா போக அலசுங்கள். அப்புறம் 60 டிகிரிக்கு மேல் சூடான நீரில், தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். நான் சாயத்துணியில் ஒரு சிறு துண்டை நனைத்து, வெள்ளைத் துணிமேல் ராத்திரி முழுக்க வைத்துப் பார்ப்பேன். கறை இல்லையென்றால்தான் கத்தரியைத் தொடுவேன். சிவப்பையும் வெள்ளையையும் இணைத்துத் தைக்கும்போது தையலோரம் கால் அங்குலம் விட்டு, அந்த ஓரத்தைச் சிவப்புப் பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் சிவப்பின் நிழல் தெரியாது. நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள், அந்த அழகு கடைத்துணியில் கிடைக்காது.