ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: பெங்களூரு நண்பர்களுக்கு ஞாயிறு பதில்கள்

கேள்வி (அல்சூர்): அண்ணா, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸுக்கே போகிறது. என் லினக்ஸான உபுண்டு அழிந்துவிட்டதா?

பதில்: பதறாதீர்கள். பெரும்பாலும் விண்டோஸ் வரிசையில் முந்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அமைப்புத் திரை) பூட் ஆர்டரை, அதாவது எது முதலில் கிளம்ப வேண்டும் என்ற வரிசையைத் திறந்து உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் சேமிப்பது, சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுவது மாதிரி.

கேள்வி (மாரத்தஹள்ளி): லினக்ஸிலிருந்து டி டிரைவில் எதையும் எழுத முடியவில்லை, படிக்க மட்டும்தான் விடுகிறது.

பதில்: விண்டோஸைச் சீக்கிரம் கிளப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியின் வேலை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் அது அரைத் தூக்கம்தான் போடுகிறது. தூங்குகிறவன் பையில் கை விடக் கூடாது என்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் அதை அணையுங்கள். டிரைவை வலுக்கட்டாயமாக லினக்ஸில் திறக்க (மவுண்ட் செய்ய) வேண்டாம்; நான் அப்படி ஒரு ஃபோல்டர் போட்டோக்களை இழந்தவன்.

கேள்வி (கோரமங்களா): உபுண்டு போய்விட்டு வந்தால் விண்டோஸ் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது.

பதில்: மதர்போர்டில் இருப்பது ஒரே கடிகாரம். அதில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் நினைக்கும், நம்மூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கும். காலை 9 மணிக்கு லினக்ஸ் 3.30 என்று எழுதி வைக்க, விண்டோஸ் அதை அப்படியே காட்டுகிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம் ஈஸ் யுனிவர்சல்’ என்பதை 1 ஆக்குங்கள்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): எதற்கு சார் ரெஜிஸ்ட்ரி? லினக்ஸை நம்மூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கமாண்ட் போதுமே. இந்தியாவில் கோடை நேர மாற்றமும் கிடையாது.

பதில்: நல்ல பிடி. இங்கேயே இருக்கும் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படி மாற்றினால் லினக்ஸே எச்சரிக்கை காட்டும். ஆன்சைட் வேலை என்று ஜெர்மனி போனால், கோடை நேரம் மாறும் அன்று முள்ளை யார் தள்ளுவது என்று இரண்டும் இடித்துக்கொள்ளும்.

கேள்வி (அவரே): நான் ஆன்சைட் போகப் போவதில்லை சார்.

பதில்: மேனேஜர் சொல்லிவிட்டாரா? சரி, உங்கள் லேப்டாப், உங்கள் இஷ்டம். ரெஜிஸ்ட்ரி, கமாண்ட் இரண்டையும் சேர்த்து மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): ‘எஸ்பாட் செல்ஃப் செக் ஃபெயில்ட்’ என்று சொல்லி அணைந்துவிடுகிறது.

பதில்: பழைய பூட்லோடர்களை (சிஸ்டத்தைக் கிளப்பும் நிரல்களை) தடுக்க 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பலருக்கு இப்படிச் செய்தது. நம்பகமான பூட்லோடரை மட்டும் உள்ளே விடும் செக்யூர் பூட்டை பயாஸில் அணைத்து, உபுண்டுவுக்குள் போய் எல்லாவற்றையும் அப்டேட் செய்து, அப்புறம் திரும்ப ஆன் செய்யுங்கள். செக்யூர் பூட்டைத் தொட்டால் பிட்லாக்கர் சாவி கேட்கலாம். தாள் இருக்கிறதா?

கேள்வி (சிவாஜிநகர்): அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டுவைக் காணோம்...

பதில்: அல்சூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (ஸ்ரீராம்புரம்): எனக்கும் அதே...

பதில்: அல்சூர்!

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): சார், இரண்டையுமே செய்து பார்த்தேன். விண்டோஸில் இரவு 8.30 காட்டுகிறது.

பதில்: மணி மதியம் மூன்று. ஏதாவது ஒன்றைக் கழற்றுங்கள்.