போர்நிறுத்தம் முறியும்போது கூட்டணிகள் - கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

போர்நிறுத்தம் முறிந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், சண்டையிடும் நாடுகளைவிட அவற்றின் கூட்டாளிகளே ஒருவரையொருவர் அதிகம் குறைசொல்கிறார்கள். ஆபத்தில் கூட்டணி இறுகத்தானே வேண்டும்? மாணவர்கள் கேட்கிறார்கள்.

- வரலாற்று ஆசிரியர் ஒருவர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

எதிரி படையெடுத்து வந்தால் கூட்டணி இறுகும். போர்நிறுத்தம் முறியும்போதோ, முறித்தது யார் என்பதிலேயே கூட்டாளிகள் ஒத்துப்போவதில்லை. மீண்டும் மூளும் போரின் சுமையும் எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை.

1973 அக்டோபர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 338ஆம் தீர்மானம், எகிப்தும் இஸ்ரேலும் 12 மணி நேரத்துக்குள் நின்ற இடத்திலேயே சண்டையை நிறுத்த வேண்டும் என்றது. ஆனால் எந்தப் படை எங்கே நின்றது என்று பார்த்துச் சொல்ல அதில் ஏற்பாடே இல்லை. இஸ்ரேல் படைகள் மேலும் முன்னேறி, சூயஸ் அருகே எகிப்தின் மூன்றாம் படையைச் சுற்றி வளைத்தன. அமெரிக்கா சேர்ந்து வராவிட்டால் தனியாகவே தலையிட நேரும் என்று 24ஆம் தேதி இரவு சோவியத் தலைவர் பிரெஷ்நேவ் எச்சரித்தார். சில மணி நேரத்தில், ஐரோப்பாவில் இருந்தவை உட்படத் தன் படைகளின் தயார்நிலையை அமெரிக்கா உயர்த்தியது. தங்கள் மண்ணிலேயே அந்தப் படைகளை வைத்திருந்த, அமெரிக்காவின் கூட்டாளிகளான நேட்டோ நாடுகளுக்கு விஷயம் பிறகே தெரிந்தது. அதே நாட்களில், பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இஸ்ரேலியக் கப்பல்களில் அமெரிக்க ஆயுதங்கள் ஏற்றப்படுவதை அறிந்த மேற்கு ஜெர்மனி வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தது. வாஷிங்டன் அந்தப் போரில் மாஸ்கோவைப் பார்த்தது. ஐரோப்பிய அரசுகளோ அரபு எண்ணெய் நின்றுபோனால் வரப்போகும் குளிர்காலத்தைப் பார்த்தன. இரண்டு அச்சமும் நியாயமானவை என்றே நான் கருதுகிறேன். கலந்து பேசாததுதான் பிழை.

உங்கள் மாணவர்களுக்கு இன்னும் அருகிலேயே ஒரு சான்று உண்டு. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பாரமகால், மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும் கும்பினிக்கும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) நடந்த முதல் மைசூர்ப் போரின் களம். அப்போரை நிறுத்திய 1769ஆம் ஆண்டின் சென்னை உடன்படிக்கையே கூட்டணி ஒப்பந்தமாகவும் இருந்தது: ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும். மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது ஹைதர் அலி பலமுறை கேட்டும் கும்பினி படை அனுப்பவில்லை. கும்பினியின் இன்னொரு கூட்டாளியான ஆற்காட்டு நவாப் முகமது அலி, ஹைதருக்கு உதவுவதை விரும்பவும் இல்லை. ஹைதர் அதை மறக்கவில்லை. 1780இல் அவருடைய பெரும்படை செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியதற்கு இருந்த காரணங்களில் அந்த மனக்கசப்பும் ஒன்று. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, போர்களின் ஆண்டுகளோடு, வராமற்போன அந்தப் படையைப் பற்றியும் சொல்லுங்கள்.