தாத்தா வச்சிட்டுப் போன படப்பொட்டி

கேள்வி: அண்ணே, எங்க தாத்தா தோட்டத்து திடல்ல படம் ஓட்டுனவரு. அவரு போனப்புறம் ஸ்டோர்ல பன்னெண்டு டின் கெடச்சுது, எல்லாம் 16 எம்எம் ரீலு, தெறந்தா வினிகர் வாடை தூக்குது. "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு குப்பையில போடுங்கப்பா"ங்கிறான் மவன். போட்ரலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயய்யோ, போட்ராதீங்க தம்பி! அது அசிடேட்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச பிலிமு, நம்ம ஊரு சூட்டுலயும் ஈரத்துலயும் கெட்டுப்போய் ஆசிட் கக்குது, அந்த ஆசிட்டே மிச்சத்தையும் அரிச்சிடும், பக்கத்து டின்னுக்கும் தொத்திக்கும். வாடை வர்றத தனியா பிரிச்சு, ஏசி ரூம் இருந்தா அங்க வைங்க. தீப்புடிக்குமோன்னு பயப்பட வேணாம், அது பழைய 35 எம்எம் நைட்ரேட் பிலிம் சமாச்சாரம், 16 எம்எம் 1923-ல வந்ததே சட்டுனு தீப்புடிக்காத சேப்டி பிலிமாத்தான். ஓரம் அலையலையா நெளிஞ்சிருந்தா மட்டும் ஆசைக்குக்கூட புரொஜெக்டர்ல மாட்டிடாதீங்க, ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிஞ்சிடும்.

ஸ்கேன் தாராளமா பண்ணுங்க, ஆனா ரீலும் இருக்கட்டும். மெட்ரோபோலிஸ்னு 1927-ல வந்த ஜெர்மன் படம், வெட்டிப் போட்ட சீனெல்லாம் தொலைஞ்சே போச்சுன்னு இருந்தாங்க, 2008-ல அர்ஜென்டினாவுல ஒரு மியூசியத்துல கெடச்சுது, அதுவும் உங்க தாத்தா வச்சிருந்த மாதிரி 16 எம்எம் காப்பி! எங்கயோ ஒரு மூலையில யாரோ தூக்கிப் போடாம விட்டதாலதான் பாதி பழைய படம் பொழச்சுது. இப்ப தியேட்டருக்கு வர்றது பூட்டுப் போட்ட ஹார்ட் டிஸ்க், சாவியும் இத்தனாந் தேதி வரைக்கும்னுதான் குடுப்பாங்க, தேதி முடிஞ்சா ஆப்பரேட்டர் கையில இருக்கறது வெறும் டப்பா. இனிமே எந்த தாத்தா ஸ்டோர்லயும் படம் கெடக்காது.

ரீல் ஆரம்பத்துல படத்து பேரு இருக்கும், வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து எழுதி வைங்க. இந்தியப் படமா இருந்தா, 1964-லேர்ந்து இந்தியாவுல புனேயில இருக்குற தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடுதாசி போட்டுப் பாருங்க.

கேள்வி: டிஜிட்டல்னா கெடவே கெடாதுல்ல?
– வாசகி, பீடோர்

பதில்: யாரும்மா சொன்னா? படக் கம்பெனிங்க டிஜிட்டல் படத்த சேமிக்கிற எல்டிஓங்கிற கம்ப்யூட்டர் டேப்பையே எடுத்துக்குங்க, ஆறாவது தலைமுறை டேப்ப எட்டாவது மெஷின் படிக்காது, அதனால சில வருசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக்கிட்டே இருக்கணும். ஆஸ்கார் குடுக்குற அகாடமி 2007-ல கணக்கு போட்டாங்க, ஒரு படத்து மாஸ்டர, அதான் மூலப் பிரதிய, பிலிமா வச்சா வருசத்துக்கு 1,059 டாலர், டிஜிட்டலா வச்சா 12,514. என் தங்கச்சி கல்யாணமே டிவிடியில கெடக்கு, போட்டுப் பாக்க வீட்ல ஒரு பிளேயர் இல்ல, ஆல்பத்ததான் பொரட்டிக்கிட்டு இருக்கோம்.