வயதானவர்களின் மூளையைச் சுறுசுறுப்பாக வைத்திருக்க ரோபோ உதவுமா?

கொஞ்சம் உதவும், போன நினைவாற்றலைத் திருப்பித் தராது. ஜப்பானின் பாரோ என்ற ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ரோமம் போர்த்திய கடல்நாய்க் குட்டி, மடியில் வைத்தால் கைக்குழந்தை கனம். தடவினால் கண் சிமிட்டும். வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாளடைவில் திரும்பிப் பார்க்கும். சார்ஜர்கூட குழந்தை சூப்பும் ரப்பர் வடிவில்தான், வாயில் செருக வேண்டும்! பூனையாகச் செய்திருந்தால் நிஜப் பூனையோடு ஒப்பிட்டுக் குறை சொல்வோம்; கடல்நாயை யார் வளர்த்திருக்கிறார்கள்?

சரி, பலன்? 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் மறதிநோய் உள்ள 415 முதியோரில் ஒரு பகுதியினருக்கு இயங்கும் பாரோ, இன்னொரு பகுதியினருக்கு இயக்கம் நிறுத்திய பாரோ. இயங்கும் பாரோவோடு அதிகம் பேசினார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றபடி, படபடப்பைக் குறைப்பதில் அது வெறும் பொம்மையை மிஞ்சவில்லை. விலையைக் கேட்டுவிட்டு யோசியுங்கள்.