மூன்று நாளில் அச்சேறுமா?

கேள்வி: தருமபுரி கிணற்று நீரில் உள்ள ஃப்ளோரைடு பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். 6,000 ரூபாய் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுவதாக ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. கொடுக்கலாமா, ஐயா?
- ஆய்வு மாணவி, சேலம்

பதில்: வேண்டாம்மா. துறை அறிந்த இருவர் உட்கார்ந்து படித்துக் குறை சொல்லவே வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் வெளியிடுகிறவர்கள் உங்கள் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. நம்பகமான ஆய்விதழ்களைக் காட்டிவந்த, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. இனி நாம்தான் விசாரிக்க வேண்டும். ஸ்கோப்பஸ் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால், இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை ஸ்கோப்பஸ் தளத்திலேயே போட்டுப் பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு.

சரி, எதற்கு அனுப்புவது? உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்து, அடிக்கடி வரும் இதழ்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். என் முதல் கட்டுரைக்கு இதைச் செய்யாமல் பெரிய பெயரைப் பார்த்து அனுப்பினேன். "எங்கள் எல்லைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் திரும்பி வந்தது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம், ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பவே கூடாது. ஒன்று மறுத்த பிறகுதான் அடுத்தது. கட்டுரையோடு இதழாசிரியருக்கு அனுப்பும் முகப்புக் கடிதத்தில் எத்தனை கிணறுகள், எந்த மாதங்கள், புதிதாக என்ன கண்டீர்கள் என்பதை நாலு வரியில் எழுதுங்கள்.