ஜெபிக்கவே மனம் வராத அளவுக்குச் சோர்ந்துவிட்டேன். விசுவாசத்தில் எப்படி நிலைத்திருப்பது?

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறார்! இரண்டாம் முறையும் தட்டியெழுப்பி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான் தூதன். அந்தப் போஜனத்தின் பலத்தில் 40 நாள் நடை, ஓரேப் மலை வரை.

ஆகவே முதலில் தூங்குங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். இதை அவிசுவாசம் என்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். நீண்ட ஜெபம் வராவிட்டால் சங்கீத புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தால் போதும். “நான் ஒருவன் மாத்திரம்” என்று புலம்பிய எலியாவுக்கு, பாகால் என்ற அந்நிய தெய்வத்தை வணங்காத 7,000 பேர் இருப்பதாகக் கர்த்தர் சொன்னார். சபையில் ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்.