எச்.ஓ.டி. ஆனதும் எல்லா வேலையும் என் தலையில்!

கேள்வி: திருமங்கலம் பக்கம் அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரியில் இணைப் பேராசிரியை நான். ஜூனில் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) ஆக்கினார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்கான விவரங்களை நாளைக்குள் கொடுங்கள் என்கிறார் முதல்வர். துறையில் கேட்டால், நேற்றுவரை சேர்ந்து சாப்பிட்டவர்களே முகம் கொடுப்பதில்லை. கடைசியில் ராத்திரி உட்கார்ந்து நானே முடிக்கிறேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. என்ன செய்வது?

பதில்: முதலில், நீங்களே முடித்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். யாருடைய சம்பளத்தையும் நிறுத்தும் அதிகாரம் எச்.ஓ.டி.க்குக் கிடையாது. உங்களுக்கிருக்கும் பலம் துறைக் கூட்டமும், அதில் முடிவானதை எழுதிவைக்கும் மினிட்ஸ் நோட்டும்தான்.

மாதம் ஒரு கூட்டம் போடுங்கள், அரை மணி நேரம் போதும். "அனைவரும் நாக் விவரம் தரவேண்டும்" என்று எழுதினால் ஒருவரும் தரமாட்டார். "3ஆம் அளவுகோல், ஆய்வுக் கட்டுரைகள்: இன்னார். 5ஆம் அளவுகோல், வேலைவாய்ப்பு விவரம்: இன்னார். 20ஆம் தேதி மாலைக்குள்" என்று எழுதி, அங்கேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சிரமமான பகுதி உங்கள் பெயரில் இருக்கட்டும். நகல் ஒன்று முதல்வருக்கும், ஒன்று கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.க்கும் போகட்டும். அடுத்த முறை முதல்வர் "நாளைக்குள்" என்றால், எந்த வேலை யாரிடம், எந்தத் தேதிக்கு என்று காட்ட உங்களிடம் தாள் இருக்கும்.

உங்களைவிட மூத்தவர் இருந்தால் கூட்டத்துக்கு முந்தின நாளே அவரிடம் போய், "சார், இதில் உங்களுக்கு எது தோது?" என்று கேளுங்கள். நாலு பேர் முன்னால் வேலை சொன்னால்தான் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். மரியாதையோடு கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

இந்தப் பதவியில் கோப்பு மட்டும் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளலாம்; மதுரை அமெரிக்கன் கல்லூரி 1978-லேயே அதைப் பெற்றது. அந்த வழியில் வந்த கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவுக்குத் துறைத் தலைவரே தலைவர். பிள்ளைகள் என்ன படிக்கவேண்டும் என்பதில் உங்கள் சொல்லுக்கு எடை உண்டு. எனக்குப் பிடித்த பகுதி அதுதான். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி இணைப் பேராசிரியருக்கு வாரம் 14 மணி நேர வகுப்பு. நிர்வாகப் பணி பார்க்கும் பேராசிரியருக்கு அதில் 2 மணி நேரம் குறைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். அதை முன்மாதிரியாகக் காட்டி, அடுத்த பருவத்து டைம் டேபிள் போடும் முன்பே முதல்வரிடம் கேளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம். கடிதமாகக் கொடுத்து, அலுவலகத்தில் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.